புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து வைக்க முடியாது

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தை நம்பியிருக்கிற ஊர் எங்களுடையது. நெல், மஞ்சள், கரும்பு, வாழை என்று யாராவது ஒருவர் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். மாமனாரின் கடையில் உரமும் மாட்டுத் தீவனமும் மட்டும் விற்றுவந்தோம். நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள். "நீ படிச்ச படிப்புக்கு பூச்சிமருந்துக் கடை லைசென்ஸ் குடுக்கறாங்களாமா அம்மிணி, கேட்டுப் பாரு" என்று மாமாதான் தொடங்கிவைத்தார். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று, நடந்ததை எழுதுகிறேன்.

பூச்சிமருந்து விற்பனை 1968ஆம் ஆண்டு சட்டத்துக்கும் 1971ஆம் ஆண்டு விதிகளுக்கும் கட்டுப்பட்டது. முன்பெல்லாம் படிப்பை யாரும் கேட்டதில்லை. இப்போது வேளாண்மைப் பட்டமோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடத்தோடு அறிவியல் பட்டமோ, வேளாண்மையில் ஓராண்டுப் பட்டயமோ வேண்டும். பட்டம் இல்லாத பழைய கடைக்காரர்கள் எங்கள் பக்கம் 'டேசி' படிப்பில் சேர்ந்தார்கள். ஐதராபாத்திலுள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க நிறுவனத்தின் பட்டயப் படிப்பு அது, 48 வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு. தலை நரைத்தவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். இந்த விதியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி, எதோடு எதைக் கலக்கக் கூடாது என்று உழவர் கடைசியாகக் கேட்பது கடைக்காரரிடம்தான். பதில் சொல்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டச் சான்று, கட்டட ஆவணம், கடையின் வரைபடம், கட்டணம் எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. என்னைக் காக்கவைத்தது பி.சி. விற்கப்போகும் ஒவ்வொரு மருந்துக்கும் அந்தந்தக் கம்பெனி 'எங்கள் சரக்கை இவர் விற்கலாம்' என்று தருகிற சான்று அது. எந்தக் கம்பெனியின் எந்த மருந்து என்று லைசென்சில் ஏறியிருந்தால்தான் விற்கலாம். பின்னால் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் அதற்கும் பி.சி. வாங்கி லைசென்சில் ஏற்ற வேண்டும்.

ஒரு கம்பெனியின் விநியோகஸ்தர், "முதல்ல சரக்கு எடுங்க, பி.சி. பின்னாலயே வந்துரும்" என்றார். லைசென்ஸ் இல்லாமல் மருந்தை இருப்பு வைப்பதே குற்றம். அதைச் சொன்னதும், "எல்லாரும் இப்படித்தாங்க பண்றாங்க" என்றார். மாமா அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்படி வர்ற யாவாரம் நமக்கு வேண்டாமுங்க" என்று முடித்துவிட்டார். அந்தக் கம்பெனியை விட்டுவிட்டோம். அது மஞ்சளுக்கு நன்றாக ஓடுகிற மருந்து. நஷ்டம்தான். ஆனாலும் மாமா அன்று சொன்னதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்தது கடை ஆய்வு. வேளாண் துறை அலுவலர் வந்து முதலில் பார்த்தது அலமாரிகளை அல்ல, பின்கட்டை. அங்கே தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை மூட்டைகள். மருந்துக்கு ஒதுக்கிய இடத்துக்கும் மூட்டைகளுக்கும் நடுவே ஒரு தட்டிதான் இருந்தது. "இது ஆகாதுங்கம்மா. மாடு திங்கறது, நாளைக்குப் பால்ல வரும்" என்றார். மருந்தைத் தனி அறையில் வைக்க வேண்டும், கொஞ்சமாக இருந்தால் பூட்டுள்ள தனி அலமாரியிலாவது வைக்க வேண்டும் என்பது விதி. அறை ஈரமில்லாமல், வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும். செங்கல் வைத்துச் சுவர் எழுப்பி, தீவனத்துக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு வைத்தோம். ஜன்னலுக்கு உயரத்தில் கம்பி வலை போட்டோம். காலாவதியான மருந்துக்கு ஒரு மூலையைத் தனியாகப் பிரித்து, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒட்டினோம். செலவு கையைக் கடித்தது. வேலை முடிந்து தகவல் கொடுத்ததும் அலுவலர் மறுபடி வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் வந்ததும் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினோம். அதன்பிறகுதான் உண்மையான வேலை.

பில். "ஐநூறு ரூவா மருந்துக்குப் பில்லு எதுக்குங்க?" என்று கேட்காத ஆளில்லை. பில்லில் தொகுதி (பேட்ச்) எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுதித்தான் கொடுக்கிறேன். மருந்து கேட்கவில்லை, போலி என்று சந்தேகம் வந்தால் உழவர் கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். புகார் போனால் பூச்சிமருந்து ஆய்வாளர் மாதிரி எடுத்து மூன்று பங்காகப் பிரிப்பார். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று கடைக்காரரிடமே. ஆய்வறிக்கை 30 நாளுக்குள் வர வேண்டும். பில் இல்லாமல் வாங்கியவர் எந்தக் கடையில் எந்தத் தொகுதியை வாங்கினார் என்று எப்படி நிரூபிப்பார்? இதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வாங்கிக்கொள்கிறார்கள்.

முக்கோணம். புட்டியில் இருக்கிற வண்ண முக்கோணத்தைக் காட்டாமல் நான் எதையும் கொடுப்பதில்லை. சிவப்பு கடும் விஷம், மண்டையோடும் எலும்பும் போட்டிருக்கும். அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாத ஆத்தாக்களுக்கும் இது புரிகிறது. "சிவப்பு வேண்டாங் கண்ணு, நீலத்துல ஒண்ணு குடு" என்று ஒரு ஆத்தா கேட்ட அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்தது. பச்சை என்றால் வெறுங்கையால் கலக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதையும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'மோனோ' கேட்டு இன்னமும் வருகிறார்கள். தென்னைக்கு வேரில் கட்டிப் பழகிய கை. தற்கொலைகளைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்திவைத்தது. சட்டப்படி மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் அப்படித் தற்காலிகமாக நிறுத்திவைப்பதுதான். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். 2023இல் மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். என்ற திரவ மருந்துக்கு மத்திய அரசின் தடை ஆணை வந்தது. 'பக்கத்துக் கடையில இருக்குதே' என்று கேட்பவர்களிடம் கோபப்படுவதில்லை. காண்டாமிருக வண்டா, கருந்தலைப் புழுவா, வெள்ளை ஈயா என்று முதலில் கேட்பேன். பாதிப் பேருக்கு அது தெரியாது. ஓலையைக் கொண்டுவரச் சொல்வேன். வெள்ளை ஈ என்றால் மருந்தே விற்பதில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறியும் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதும்தான் வழி. மருந்தடித்தால் அந்த ஈயைத் தின்று அடக்குகிற நல்ல பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போகும். அன்றைய விற்பனை போனாலும் அந்த ஆள் அடுத்த முறை நேராக என்னிடம்தான் வருகிறார்.

புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் பி.சி. வேலையை முதலில் தொடங்குங்கள், அதுதான் இழுக்கும். கட்டடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் மளிகையோ தீவனமோ இருந்தால், தனிச் சுவரும் தனிக் கதவும் வைக்க இடமிருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள்.