பதிவேட்டில் 41 கணினிகள், அறைகளில் 33

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பண்டகப் பிரிவின் பொறுப்பை நான் ஏற்க வேண்டியிருந்தபோது, முன்பிருந்தவர் ஒப்படைத்த இருப்புப் பதிவேட்டில் 41 கணினிகள் இருந்தன. அறை அறையாகச் சென்று எண்ணியதில் 33 மட்டுமே கிடைத்தன. கையெழுத்திட்டுவிட்டால் குறையும் 8-க்கும் நானே பதில் சொல்ல வேண்டும் என்பதால், முழுச் சரிபார்ப்பு முடியும்வரை அவகாசம் வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற்றேன். பொறுப்பேற்கும் எவரும் இதைத் தயங்காமல் செய்ய வேண்டும்.

கணக்குப் பிரிவில் விவரம் கிடைக்கும் என்றே முதலில் நம்பினேன். ஆனால் அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையிலானது. கணினியின் விலை முழுவதும் பணம் கொடுத்த ஆண்டின் செலவாக எழுதப்பட்டுவிடும். பழசாகப் பழசாகக் குறையும் மதிப்பை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிப்பதில்லை என்பதால், அடுத்த ஆண்டுக் கணக்கில் அந்தப் பொருளின் சுவடே இருக்காது. அது நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இருப்புப் பதிவேடு ஒன்றே சாட்சி. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நிலையான சொத்துகளுக்குப் படிவம் 22-இல் தனிக் கணக்கு வைக்கவும், ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கவும் சொல்வது இதனால்தான்.

எங்கள் பதிவேட்டிலோ 2014-ஆம் ஆண்டுக்கு எதிரே "கணினி – 12" என்று ஒரே வரி இருந்தது. வரிசை எண்கள் இல்லை. பழைய வவுச்சர் கட்டுகளைப் பிரித்து, பில்லோடு தைத்திருந்த டெலிவரி சலானில் அந்த எண்களைக் கண்டெடுத்தேன். பிறகு ஒவ்வொரு சிபியுவையும் திருப்பி, தூசியைத் துடைத்து, பின்புற ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். ஐந்து கணினிகள் கிளை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. கடிதம் கோப்பில் இருந்தும் இருப்பில் கழிக்கப்படவில்லை. இரண்டு, கிடங்கில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தன. ஒன்று கிடைக்கவே இல்லை; அதை மேலதிகாரிக்கு இழப்பாக அறிக்கை செய்தோம்.

கிடங்கிலிருந்த இரண்டையும் பயனற்றவை என்று அறிவிக்கக் குழு கூடியபோது, புத்தக மதிப்பு, அதாவது தேய்மானம் போகக் கணக்கில் மிஞ்சும் மதிப்பு, என்ன என்ற கேள்வி எழுந்தது. தேய்மானமே எழுதாத இடத்தில் அதற்கு எங்கே போவது? கணக்கிட இயலாதபோது கொள்முதல் விலையையே எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பொது நிதி விதிகளின் விதி 217 இடம் தருகிறது. அதை மேற்கோள் காட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது. இவை மின்னணுக் கழிவு என்பதால் தெருவோரக் காயலான் கடைக்குக் கொடுக்க முடியாது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். விற்ற தொகையும் அரசின் வரவுக் கணக்கில் சேருமே தவிர, புதிய கணினி வாங்க அலுவலகத்துக்குக் கிடைக்காது.

காணாமல் போன அந்த ஒன்று மட்டும் பதிவேட்டில் இன்னும் இருப்பாகவே நிற்கிறது. இழப்பைக் கணக்கிலிருந்து நீக்கும் உத்தரவு வரும்வரை அந்த வரியை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. குறிப்புப் பத்தியில் விசாரணைக் கோப்பின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.