இடது பக்கம் மட்டும் இறுக்குதும்மா

சுங்கை சிப்புட் டவுனில் ரவிக்கை தைக்கிறேன். திரைக்குப் பின்னால் அளவு எடுக்கும்போது பெண்கள் என்னிடம் சொல்வதை டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு அக்கா வந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். "இடது பக்கம் மட்டும் இறுக்குதும்மா, கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார். உடம்பு பெருத்தால் இரண்டு பக்கமும்தானே இறுக்கும்? கேட்டேன். அக்குளை ஒட்டிக் கையை வைத்து, "இங்க கொட்டையாட்டம் ஒண்ணு கெடக்கு. வலியே இல்ல, அதான் வுட்டுட்டேன்" என்றார்.

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. முட்டிவலிக்குக் கிளினிக் ஓடும் நம் பெண்கள் இதை மட்டும் மாதக்கணக்கில் மூடி வைத்திருப்பதற்கு அது ஒரு காரணம், கூச்சம் இன்னொன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, மலேசியாவில் இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் நோய் முற்றிய 3ஆம் அல்லது 4ஆம் கட்டத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர். இதைப் படித்த அன்று எனக்குத் தையலில் மனம் ஓடவில்லை.

அந்த அக்காவுக்கும் புற்றுநோய்தான். ஈப்போவில் அறுவை சிகிச்சை செய்து இடது மார்பை எடுத்தார்கள். இப்போது அவர் ரவிக்கையில் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைக்கிறேன். பஞ்சு அடைத்த துணியை அதில் செருகிக்கொள்வார். முந்தானையைச் சரிசெய்துகொண்டே நிற்காமல் கோயிலுக்குப் போய்வருகிறார்.

இரண்டு மார்பும் ஒரே அளவாக இருக்கும் பெண்கள் குறைவு. என் அளவு நோட்டே சாட்சி. அதனால் பக்கத்து வீட்டுக்காரியோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். உங்களுக்கு எது வழக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பிரா ஒரு பக்கம் மட்டும் பொருந்தாமல் போகிறதா? தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாகிறதா? வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டதா, அதிலிருந்து இரத்தம் கசிகிறதா, காம்பைச் சுற்றி ஆறாத சொறியா? அக்குளில் தடிப்பா? குளிக்கும்போது, உடை மாற்றும்போது கண்ணும் கையும் இதைக் கவனிக்கட்டும். மாதவிடாய்க்கு முன் மார்பு கனத்து வலிப்பது சகஜம். அது முடிந்த சில நாளில் தடவிப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

மாதாமாதம் முறைப்படி தடவிப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஷாங்காய் நெசவாலைகளில் 266,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் முடிவு வந்தது: சுயபரிசோதனை கற்றுக்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை, புற்றுநோய் இல்லாத கட்டிகளுக்குத்தான் கூடுதலாகச் சதையை எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை நடந்தது. துணியோடு வேலை செய்யும் பெண்கள் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த ஆய்வு மறப்பதில்லை. தடவிப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. கையில் ஒன்றும் தட்டவில்லை என்பதற்காக மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். விரலுக்குச் சிக்காத சிறு கட்டியும் அதில் தெரியும். 40 வயதைத் தாண்டியவர்கள் எப்போது எடுக்கலாம் என்று கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸ்) கேளுங்கள். ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் உடல் பரிசோதனைத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். பாட்டியோ, பக்கத்து வீட்டு அத்தையோ, தையல்காரி நானோ அல்ல. ஐ.சி.யும் (அடையாள அட்டை) 1 வெள்ளியும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். பெண் டாக்டரோ மிஸ்ஸியோ பார்க்கட்டும் என்று கேட்கலாம், தப்பே இல்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கடைக்கு வாங்க, நான் கூட வருகிறேன். துணி காத்திருக்கும்.