ஐயோவா மேப்புல எங்க வீடு என்ன கலர்?

போன வருஷம் வீடு வாங்கி, அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்துல, டி மாய்ன் பக்கத்துல இருக்கிற வாக்கீங்கிற ஊருக்கு குடி வந்ததுல இருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிகிச்சு. ராத்திரி பசங்க தூங்கினதும் போன எடுத்து வச்சுகிட்டு ஐயோவா கேன்சர் மேப்ப பாக்குறது. மொத்தம் 99 கவுன்ட்டி, செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்கும், கேன்சர் ரேட்ட பொறுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர். நம்ம ஊரு பெரிய தாலுகா சைஸ் இருக்கும் ஒரு கவுன்ட்டி, ஆனா ஆளு எண்ணிக்கை மட்டும் ஏணி வச்சாலும் எட்டாத வித்தியாசம். டி மாய்ன் இருக்கிற போல்க் கவுன்ட்டில கிட்டத்தட்ட 5 லட்சம் பேரு, நாங்க இருக்கிற டாலஸ் கவுன்ட்டில (டெக்சாஸ் டாலஸ் இல்லங்க, அந்த அளவுக்கெல்லாம் இன்னும் வளரல) 1 லட்சத்துக்கு மேல, மேல வடக்க போனா 9,000 பேருகூட இல்லாத கவுன்ட்டி எல்லாம் இருக்கு.

இது எங்க ஆரம்பிச்சதுன்னா ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல. கூட வேலை பாக்குற ஒருத்தன், எம்மட்ஸ்பர்க் பக்கத்துல இருந்து வந்தவன், அவங்க ஊரு இருக்கிறது பாலோ ஆல்ட்டோ கவுன்ட்டில. கலிஃபோர்னியா பாலோ ஆல்ட்டோவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, 1846ல மெக்சிகோ கூட நடந்த ஒரு சண்டையோட பேர இந்த கவுன்ட்டிக்கு வச்சிருக்காங்க. ஐயோவாலயே கேன்சர் ரேட் ஜாஸ்தி அங்கதான்னு பேப்பர்ல வந்துச்சு. அவன் சாண்ட்விச் சாப்பிட்டுகிட்டே சொல்றான், எங்க தெருவுல எங்க வீட்ட சேத்து ஆறு வீடு, அதுல நாலு வீட்டுல கேன்சர், எங்க அப்பாவுக்கும் அதான்னு. எனக்கு அதுக்கப்புறம் சாம்பார் சாதம் எறங்கல.

ஐயோவா கதைய தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்காவுல புதுசா கேன்சர் வர்ற ரேட்ல கென்டக்கிக்கு அடுத்து ஐயோவாதான். மத்த மாநிலம் பலதுல ரேட் அப்படியே நிக்குது இல்ல எறங்குது, இங்க ஏறுதுன்னு ஐயோவா கேன்சர் ரெஜிஸ்ட்ரி 2024 ரிப்போர்ட்ல போட்டாங்க. 2025 வருஷத்துக்கு மட்டும் சுமார் 21,200 பேருக்கு புதுசா வரும், 6,300 பேர் இறப்பாங்கன்னு அவங்க கணிச்சிருந்தாங்க. மொத்த மாநிலமே 32 லட்சம் பேருதான், யோசிச்சு பாருங்க. அந்த ரெஜிஸ்ட்ரி நேத்து மொளச்சது இல்ல, 1973ல இருந்து ஐயோவாவுல யாருக்கு எங்க கேன்சர் வந்தாலும் எழுதி வச்சுகிட்டு வர்றாங்க. ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் வீட்டுக்காரருக்கே 2023ல நுரையீரல் கேன்சர், அதனால இது இங்க வெறும் அரசியல் பேச்சு இல்ல, எல்லார் வீட்டு பேச்சும்.

சரி, மேப்புக்கு வர்றேன். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனில டேட்டா வேலைதான் பாக்குறேன், அதனால எண்ண பாத்தா கை சும்மா இருக்காது. முதல்ல எனக்கு ஆறுதலா இருந்துச்சு, எங்க தெருவுல யாருக்கும் கேன்சர்னு காதுல விழறது இல்லையே, நல்ல எடம்தான் போலன்னு. அப்புறம்தான் உறைச்சுது, எங்க தெருவுல 50 வயசு தாண்டின ஆள எண்ணினா ஒரு கை விரலே மிச்சம் இருக்கும், எல்லாம் குழந்தை குட்டியோட ஐடி, பேங்க், இன்ஷூரன்ஸ் கும்பல். பாலோ ஆல்ட்டோ மாதிரி எடத்துல பசங்க எல்லாம் படிச்சுட்டு டி மாய்ன் பக்கம் வந்துடுறாங்க, பெருசுங்கதான் அங்க இருக்காங்க. காலேஜ் ஹாஸ்டல்லயும் முதியோர் இல்லத்துலயும் பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்கள எண்ணிட்டு முதியோர் இல்லத்து தண்ணில ஏதோ இருக்குன்னு சொல்ற கதைதான் அது. அதுக்குத்தான் வயச சரிகட்டி ரேட் போடுறாங்க, 2000ம் வருஷத்து அமெரிக்க மக்கள்தொகைல எந்த வயசுல எத்தன பேரோ அந்த அளவுக்கு எல்லா கவுன்ட்டியையும் கொண்டு வந்து லட்சத்துக்கு இத்தனன்னு சொல்றாங்க. அப்படி சரிகட்டினதுக்கு அப்புறமும் பாலோ ஆல்ட்டோ மேலதான் நிக்குது, அதையும் சொல்லிடணும்.

ஆனா என்னைய ரொம்ப நேரம் புடிச்சு வச்சது ரேட் இல்ல, அட்டவணைல அதுக்கு பக்கத்துல இருக்கிற டிரெண்ட்ங்கிற வரிசை. ஏறுது, எறங்குது, நிலையா இருக்குன்னு மூணே வார்த்த. சின்ன கவுன்ட்டி பலதுல 'நிலையா இருக்கு'ன்னுதான் போட்டிருக்கும். நம்ம என்ன நெனப்போம், சரி அங்க ஒண்ணும் மாறலன்னு. அப்படி இல்லங்க! 'நிலை'ன்னா பாதி நேரம் 'எங்களால சொல்ல முடியல'ன்னுதான் அர்த்தம்.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், எண்ணு எல்லாம் நான் ரவுண்டா வச்சுகிட்டது. 9,000 பேர் இருக்கிற ஊருல வருஷத்துக்கு 60 பேருக்கு கேன்சர் வருதுன்னு வைங்க. எதுவுமே மாறாம இருந்தாலும் வெறும் தற்செயலால ஒரு வருஷம் 45 வரும், ஒரு வருஷம் 75 வரும். அதாவது ஒரு வருஷம் பேப்பர்காரன் அலறுவான், அடுத்த வருஷம் அமைச்சர் மார் தட்டிக்கலாம், ரெண்டுமே காத்து. அதனாலதான் அஞ்சு வருஷத்த சேத்து பாக்குறாங்க, 300 பேரு, அப்பவும் 35 கூடலாம் 35 குறையலாம், நூத்துக்கு 11 சொச்சம் ஆட்டம். அதே போல்க் கவுன்ட்டில அஞ்சு வருஷத்துக்கு 12,500ன்னு வச்சுகிட்டா ஆட்டம் 220 தான், நூத்துக்கு 2கூட இல்ல. அப்ப என்ன ஆகும்? உண்மைலயே வருஷத்துக்கு நூத்துக்கு ஒண்ணு ஒண்ணா ஏறிகிட்டு இருந்தா போல்க்ல அது தெரிஞ்சுடும், சின்ன கவுன்ட்டில அந்த தற்செயல் ஆட்டத்தோட இரைச்சலுக்குள்ள மறைஞ்சு போயிடும், 'நிலை'ன்னு சீல் குத்திடுவாங்க. மேப்போட ரெண்டு ஓரமும், அடர் சிவப்பும் சரி வெளிர் நிறமும் சரி, சின்ன கவுன்ட்டியா வர்றதுக்கு பாதி காரணம் இதான். இன்னும் கொஞ்சம் அரிதான கேன்சர்னா எண்ணே வராது, அந்த காலகட்டத்துல 16 பேருக்கு கீழ இருந்தா எண்ண மறைச்சு ஒரு நட்சத்திர குறி போட்டுடுவாங்க, ஏன்னா சின்ன ஊருல நாலு பேருன்னு போட்டா அந்த நாலு பேரு யாருன்னு டீக்கடைல, சாரி, கேசீஸ் பீட்சா கடைல எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

இன்னும் ரெண்டு மூணு கோளாறு இருக்கு. கண்டுபிடிச்ச அன்னைக்கு எந்த கவுன்ட்டில குடி இருந்தியோ அங்கதான் உன் கணக்கு. முப்பது வருஷம் பண்ணைல மருந்து அடிச்சுட்டு ரிட்டயர் ஆகி மக வீட்டோட வாக்கீல வந்து இருந்தா எங்க கவுன்ட்டி தலைலதான் விழும். அப்புறம் 2020, கோவிட்ல யாரும் டெஸ்டுக்கே போகல, அந்த வருஷம் கேன்சர் குறைஞ்ச மாதிரி காட்டும், அதனால டிரெண்ட் கோடு போடும்போது அந்த ஒரு வருஷத்த தூக்கி வெளில வச்சுட்டாங்க. ஆம்பளைங்களுக்கு வர்ற ப்ராஸ்டேட் கேன்சர் கதை இன்னும் வேடிக்கை. 2012ல அத தேடுற ரத்த டெஸ்ட் வேண்டாம்னு தேசிய அளவுல சொன்னாங்க, ரேட் எறங்குச்சு, 2018ல சரி டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணிக்கோன்னு மாத்தினாங்க. கோடு ஏறி எறங்கறதுல நோய் பாதி, தேடுறது பாதி. நல்லா தேடுற கவுன்ட்டி கெட்ட கவுன்ட்டி மாதிரி தெரியும்.

இதெல்லாம் நான் அந்த எம்மட்ஸ்பர்க் பையன்கிட்ட சொன்னா கடுப்பாயிடுவான்னு தெரியும், ஆனாலும் சொன்னேன். அவன் அமைதியா கேட்டுட்டு, "அப்ப எங்க அப்பா இரைச்சலா?"ன்னான். என்ன பதில் சொல்றது? சத்தியமா வாய் அடைச்சு போச்சு.

காரணம்னு பேச ஆரம்பிச்சா இங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி எல்லாம் பூச்சி மருந்து, உரம், தண்ணிங்கும். இன்னொரு கட்சி எல்லாம் பீருங்கும். 2024 ரிப்போர்ட்ல மதுவ பத்தி தனியா எழுதினாங்க, அத படிச்சுட்டு எங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு கோவம், வயலுக்கு அடிக்கிற மருந்த விட்டுட்டு என் பாட்டில பேசுறியான்னு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, யாரும் மத்தவன் சொல்ற கொஞ்சத்த ஒத்துக்க மாட்டேங்குறான், அதான் எனக்கு எரிச்சல். ஐயோவாவுல மொடாக்குடி உண்மைலயே ஜாஸ்தி. தண்ணில நைட்ரேட்டும் உண்மைலயே ஜாஸ்தி, உரமும் பன்னி பண்ணை கழிவும் வயலுக்கு அடில போட்டிருக்கிற வடிகால் குழாய் வழியா ஆத்துல கலக்குது, 2015ல டி மாய்ன் குடிநீர்காரங்க ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற மூணு கவுன்ட்டி மேல கேஸே போட்டாங்க, 2017ல தள்ளுபடி ஆச்சு. 2025 ஜூன்ல நைட்ரேட் ஏறி புல்லுக்கு தண்ணி ஊத்தாதீங்கன்னு எங்களுக்கே தடை வந்துச்சு. குடிதண்ணில லிட்டருக்கு 10 மில்லிகிராம்னு ஒரு வரம்பு, ஆனா அது பச்ச கொழந்தைங்களுக்கு மூச்சு திணறி நீலம் பூக்குற வியாதிக்காக வச்சது, கேன்சர மனசுல வச்சு போட்டது இல்ல. இங்க வயசான பொம்பளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வுல நைட்ரேட் ஜாஸ்தியா இருந்த ஊர்ல மூத்திரப்பை கேன்சர் கூட இருந்துச்சு. அதே சமயம் ஐயோவா, வட கரோலினா விவசாயிங்கள 1993ல இருந்து பாக்குற பெரிய ஆய்வுல மொத்தமா பாத்தா விவசாயிங்களுக்கு கேன்சர் மத்தவங்கள விட கம்மி, சிகரெட் கம்மி, ஒடம்பு உழைப்பு ஜாஸ்தி. ஆனா ப்ராஸ்டேட், சில ரத்த கேன்சர், இதெல்லாம் அவங்களுக்கு கூட. ஒரே ஆய்வுல இருந்து ரெண்டு கட்சியும் அவங்கவங்களுக்கு வேண்டியத கிழிச்சு எடுத்துக்கலாம்.

மூணாவது ஒண்ணு இருக்கு, அதுக்கு கட்சியே கிடையாது, ஏன்னா திட்டுறதுக்கு ஆளே இல்ல. ரேடான். மண்ணுக்குள்ள யுரேனியம் சிதைஞ்சு வர்ற வாயு, நிறமும் இல்ல வாசனையும் இல்ல, வீட்டு அடித்தளத்து விரிசல் வழியா பேஸ்மென்ட்ல ஏறி உக்காந்துக்கும். சிகரெட்டுக்கு அடுத்து நுரையீரல் கேன்சருக்கு அதான் காரணம். இபிஏ (அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) மேப்புல ஐயோவாவோட 99 கவுன்ட்டியும் சிவப்பு, ஒண்ணுகூட தப்பல. பனியுகத்துல பனிப்பாறை அரைச்சு போட்டுட்டு போன மண்ணு அப்படி. நான் கவுன்ட்டிக்கு கவுன்ட்டி வித்தியாசம் தேடிகிட்டு இருந்தேன் பாருங்க, இங்க வித்தியாசமே கிடையாது, வித்தியாசம் எல்லாம் வீட்டுக்கு வீடுதான், பக்கத்து வீட்டுல லிட்டருக்கு 2 பிக்கோகியூரி (ரேடான அளக்குற அலகு அதான்) இருக்கும் நம்ம வீட்டுல 12 இருக்கும்.

வீடு காட்டின ஏஜென்ட் இத பத்தி கேட்டப்ப "புது வீடு, கவலைப்படாதீங்க"ன்னு சிரிச்சுட்டு போயிட்டாரு, நாங்களும் பூஜை, பால் காய்ச்சறதுன்னு ஓட்டத்துல விட்டுட்டோம். லஞ்ச் டேபிளுக்கு அப்புறம்தான் ஒரு ரேடான் டெஸ்ட் கிட் வாங்கினேன். ஒரு சின்ன உறை, உள்ள கரி. அத பேஸ்மென்ட்ல தரைல இருந்து இடுப்பு உயரத்துல தொங்க விட்டு, ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, நாலு நாள் வச்சு ஒட்டி லேபுக்கு தபால்ல அனுப்பணும். பசங்க விளையாடுற எடமே பேஸ்மென்ட்தான், டோர்னேடோ சைரன் அடிச்சாலும் ஓடி ஒளியிறது அங்கதான். ரிசல்ட் 9.6 வந்துச்சு. 4 தாண்டினா சரி பண்ணுன்னு இபிஏ சொல்லுது. என் வீட்டுக்காரரு ரெண்டு நிமிஷம் அந்த மெயிலயே பாத்துட்டு, "ஏம்மா, பசங்க அங்க எத்தன மணி நேரம் இருப்பாங்க?"ன்னாரு. நான் ஒண்ணும் பேசல.

அடுத்த வாரம் ரெண்டு பேரு வந்து பேஸ்மென்ட் கான்கிரீட்ல ஒரு ஓட்டை போட்டு, அடில இருந்து ரெண்டு வாளி ஜல்லிய அள்ளி வெளில போட்டு, பிவிசி குழாய நட்டு கராஜ் வழியா கூரைக்கு மேல கொண்டு போய் கூரைக்கு அடில இருக்கிற பரண்ல ஒரு ஃபேன் மாட்டிட்டு போனாங்க. 1,400 டாலர், அர நாள் வேலை. குழாய்ல யு மாதிரி வளஞ்ச ஒரு கண்ணாடி டியூப், உள்ள சிவப்பு எண்ணெய். ரெண்டு பக்கமும் சமமா இருந்தா ஃபேன் செத்து போச்சுன்னு அர்த்தம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருந்தா நல்லா இழுக்குதுன்னு அர்த்தம். துணி துவைக்க எறங்குறப்ப எல்லாம் என் கண்ணு அங்கதான் போகுது. திரும்ப டெஸ்ட் பண்ணா 0.8. அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "மண்ணுல இருந்து வெஷம் வருதாம், அதுக்கு புகைபோக்கி வச்சாளாம், இந்த ஊர்ல போயி வீடு வாங்கினியேடி"ன்னு ஒரே பாட்டு.

அந்த பையனுக்கும் ஒரு கிட் வாங்கி கொடுத்தேன், அவங்க அம்மா இன்னும் அந்த எம்மட்ஸ்பர்க் வீட்டுலதான் தனியா இருக்காங்க. போன வாரம் கேட்டேன், என்னாச்சுன்னு. அவங்க அந்த கிட் உறைய பேஸ்மென்ட்ல வச்சுட்டு, ஏதோ பூஞ்ச வாசனை வருதுன்னு நாலு நாளும் ஜன்னல தெறந்தே போட்டிருக்காங்க. ரெண்டாவது கிட் திங்கக்கிழமை தபால்ல போயிருக்கு, ஜன்னல தொடாதீங்கன்னு அவன் கொட்ட எழுத்துல எழுதி ஒட்டி விட்டிருக்கான்.