மூன்றாவது தடவையும் உடைந்த கையாலை

இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை), சரிவில் மண்ணைத் தடுக்கப் போட்ட கையாலை, அதாவது மண்வரப்பு, மறுபடியும் உடைந்துவிட்டது. அதே இடம், அதே கைதச்சக்கை (அன்னாசி) மூட்டுக்குப் பக்கத்தில். வெட்டும்போதே மாமா சொன்னார், "மக்களே, அங்கே வெள்ளம் வந்து கூடும்" என்று. நான்தான் கணக்கை நம்பினேன்.

குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் விளை (தோட்டம்). ரப்பரை வெட்டிவிட்டு மரச்சீனி (மரவள்ளி) போட்டிருக்கிறோம். இடது பக்கமும் வலது பக்கமும் உச்சியிலிருந்து அடிவரை 20 மீட்டருக்கு 5 மீட்டர் இறக்கம். அதனால் முழுக்க ஒரே உயரத்தில் கையாலை போட்டேன். நான் நம்பிய கணக்கு, மண் அரிப்பை மதிப்பிடும் விஷ்மையர், ஸ்மித் சமன்பாடு. அதன் அளவுகோல் நிலம் 22.1 மீட்டர் நீளம், 9 சதவீதச் சரிவு, மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். என் பொற்றை (குன்று) அப்படியா இருக்கிறது? இடது பக்கம் யானை முதுகு. இறங்க இறங்கச் செங்குத்தாகிறது. வலது பக்கம் சுளவு (முறம்) போல உள்வாங்கி, அடியில் படுத்துவிடுகிறது.

மண் எவ்வளவு போகிறது, படிகிறது என்று பார்க்கப் பழைய குடைக்கம்பிகள் 12 நட்டு வைத்திருந்தேன். யானை முதுகின் கீழ்ப்பாதியில் இரண்டு விரல்கடை கம்பி வெளியே வந்து, செம்மண் பல்லைக் காட்டுகிறது. சுளவின் அடியில் நட்டதைத் தோண்டித்தான் எடுத்தேன். அங்கே மண் படிகிறது. ஆனால் இரு பக்கத்துத் தண்ணீரும் சுளவின் நடுவில் சேர்வதால், கையாலையை உடைப்பதும் அங்கேதான்.

போதாக்குறைக்கு என் மட்டமும் தப்பு. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்பைத்தான் வைத்துப் பார்த்தேன். குழாயில் மாட்டித் தண்ணீர் பிடித்தால் குமிழி நுழைந்துவிடுகிறது. சமதரையில் கிடக்கும் குமிழியால் பெரிய கெடுதல் இல்லை. சரிவில் ஏறி இறங்கும் பகுதியில் நின்றால் அதன் உயரம் அப்படியே பிழையாகிவிடும். பள்ளத்தில் கையாலை மூன்று விரல்கடை தாழ்ந்திருந்தது அப்படித்தான். இப்போது உயரத்தில் வாளி வைத்து, வாயால் உறிஞ்சி, குமிழி போகும்வரை ஓட விடுகிறேன். பிறகு இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மட்டம் சரிதானா என்று பார்க்காமல் ஓர் அடி நகர்வதில்லை. தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டால் கண்ணுக்குச் சுகம். மலிவு டியூப் வாங்காதீர்கள். வெயிலில் மங்கி, உள்ளே எதுவும் தெரியாது. மார்த்தாண்டத்தில் வாங்கிய கனமான டியூப் பரவாயில்லை.

அடுத்து யானை முதுகில் வெட்டிவேர். நாற்றுக்குச் சொல்லிவிட்டேன். சுளவு நடுவில் மண்ணை நம்பப் போவதில்லை. கல் அடுக்கி, தண்ணீர் வழிய வாய் விட வேண்டும். துலாம் (ஐப்பசி) மழைக்கு முன்பு முடிக்க வேண்டியது அதுதான். ஆனால் நேற்று முழுவதும் நான் செய்தது, இன்னும் 8 குடைக்கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்தது.