மழையில் ஒரு மண் கரடி

மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்க, மிசிசிப்பிப் பாலத்தைத் தாண்டி அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குள் நுழைந்தபோது ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

மெக்ரெகரில் ஒரு காபி. பழைய செங்கல் கட்டடங்கள் நிற்கும் ஒரே பெரிய தெரு, அவ்வளவுதான் ஊர்.

அப்புறம் எஃபிஜி மவுண்ட்ஸ் பூங்கா. தூறலிலேயே மலையேறினோம்.

காட்டுக்கு நடுவே ஒரு மண் கரடி படுத்திருக்கிறது! கரடி வடிவில் ஒரு மண்மேடு: 42 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்பு பூர்வகுடிகள் கையால் மண்ணைச் சுமந்து குவித்தது. முதுகில் வளர்ந்த புல் நனைந்து ஒரே பக்கமாகப் படிந்திருந்தது, நிஜ ரோமம் மாதிரி.

இப்படிக் கையால் குவித்த மேடுகள், பல வடிவங்களில், 200க்கும் மேல் இங்கே இருக்கின்றன. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி என்றால் வெறும் சோளக்காடு என்று சொல்கிறவர்களை அழைத்து வந்து காட்ட வேண்டும். உழவிலும் சாலையிலும் அழிந்துபோன மேடுகளை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.