நாலரை சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன்

கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால்தான் பொம்மைக் கார் படத்தில் நிஜக் காராகத் தோன்றும் என்பது எனக்குப் பிடிபட நான்கு ஆண்டுகள் ஆயின. நிமிர்த்திப் பிடிக்கும்போது லென்ஸ் தரையிலிருந்து ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. என்னிடமுள்ள பொம்மை அம்பாசிடரின் உலகத்தில் அது ஐந்து மீட்டர், அதாவது மொட்டை மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்ப்பவரின் உயரம். கைப்பேசியைக் கவிழ்த்தால் லென்ஸ் 2 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. திண்ணையோரம் குந்தியிருப்பவரின் கண்மட்டம் அது. அடியில் இரண்டு மூன்று அட்டைத் துண்டுகளை வைத்து நாலரை சென்டிமீட்டருக்கு உயர்த்தினால், தெருவில் நிற்கும் ஒரு சராசரி மனிதர் வண்டியைப் பார்ப்பது போலாகிவிடும். கேமராவையும் விளக்கையும் மாற்றி மாற்றிச் செலவழித்த காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த அம்பாசிடர் ஒன்றும் உயர்ந்த சரக்கல்ல. பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் பொம்மை. திருவிழாக் கடைகளிலும் பேருந்து நிலையத்துப் பொம்மைக் கடைகளிலும் தொங்குமே, அந்த வகை. பெரியப்பாவிடம் வெள்ளை அம்பாசிடர் ஒன்று இருந்தது; ஒன்பது பேர் அடைந்துகொண்டு திருச்செந்தூர் போய்வந்த வண்டி. அந்த நினைவில்தான் வாங்கினேன். இத்தகைய பொம்மைகளில் அளவு விகிதத்தை அச்சிட மாட்டார்கள் என்பதால் அளவுகோலை எடுத்து நானே அளந்தேன்: 12 சென்டிமீட்டர். நிஜ அம்பாசிடரின் நீளம் 4.3 மீட்டருக்குச் சற்று அதிகம். வகுத்தால் 1:36 வருகிறது. நாலரை சென்டிமீட்டர் மனிதனும் ஐந்து மீட்டர் மாடியும் இந்த 36 என்ற ஒற்றை எண்ணிலிருந்து பிறந்தவர்கள்.

சேகரிப்பவர்கள் பொதுவாகப் புழங்கும் அளவுகள் 1:18, 1:24, 1:43, 1:64 என்பவை. இவற்றில் 43 என்பது எங்கிருந்து வந்த எண் என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன். பிரிட்டனில் ‘ஓ கேஜ்’ எனப்படும் பொம்மை ரயில்களை ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். அந்த ரயில் நிலையத்து வாசலில் நிறுத்துவதற்காக வந்த கார்களும் அதே கணக்கைப் பின்பற்றின. ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர்; அதை ஏழால் வகுத்தால் விடை தெரிந்துவிடும். ‘மேட்ச்பாக்ஸ்’ என்ற பொம்மைக் கார்களின் பெயர்க் கதையும் சுவையானது. லண்டனிலிருந்த லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதியால் தவித்த தன் மகளுக்காகச் சின்னஞ்சிறு சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார் என்பார்கள். 1953-இல் அந்தப் பெயரில் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. 1968-இல் தொடங்கிய ‘ஹாட் வீல்ஸ்’ வண்டிகளைப் பொதுவாக 1:64 என்கிறோம். ஆனால் கடையில் தொங்கவிடும் உறை அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய வண்டியைக் கூடுதலாகச் சுருக்கிவிடுகிறார்கள். அலமாரியில் இது உறுத்தாது. ஒரே படத்தில் லாரியையும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போது லாரி ஓட்டுநருக்குக் கதவு வழியாக உள்ளே நுழைய முடியுமா என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வந்துவிடும்.

அட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதே. பிரித்த மறுநிமிடம் வண்டியின் மதிப்பு குறைந்துவிடும். ஆனால் பிரிக்காத அட்டையைப் படம் எடுத்தால் அட்டையின் படம்தானே கிடைக்கும்? இதைவிட எரிச்சலூட்டுவது, கடைக்குப் புதுச் சரக்கு வந்த காலையிலேயே கொக்கிகளை வழித்தெடுத்துக்கொண்டு போய், இருநூறு ரூபாய்க்குள் கிடைத்த வண்டியை மாலையில் ஐந்து மடங்குக்கு விற்கும் கூட்டம். அதில் ஒருவரிடம் நானும் ஒருமுறை வாங்கினேன் என்பதால் இதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் ஈரக்காற்று அச்சுக் கம்பிகளில் துருவை ஏற்றத்தான் செய்யும்.

படமெடுக்கும் பக்கம் என்னைத் திருப்பியவர் மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர், 2018-இல் காலமானார். ‘எல்ஜின் பார்க்’ என்று ஓர் ஊரையே கற்பனையில் உண்டாக்கி, 1:24 அளவுக் கார்களையும் தானே செய்த சிறு கட்டடங்களையும் ஒரு மேசையில் அடுக்கி, அந்த மேசையை நிஜத் தெருவோரத்தில் நிறுத்தி, பின்னணியில் நிஜ மரங்களும் நிஜ வீடுகளும் வரும்படி சாதாரணக் கையடக்கக் கேமராவில் எடுத்தார். கணினியில் ஒட்டுவேலை கிடையாது. அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது பழைய ஆவணப் படங்கள் என்றே நினைத்துக் கடந்துபோனேன்; ஒரு படத்தில் மேசையின் பக்கத்தில் அவரே நின்றுகொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் திரும்பிப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அவருடைய வழியை நம்மூர்த் தெருவில் முயன்று பார்க்கக் கானாடுகாத்தானைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் செட்டிநாட்டு வீடுகள், நேர்கோடாக ஓடும் அகலத் தெருக்கள், நெடிய சுவர்கள் என்று வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்து நின்றால் யாரும் வியக்காத இடம் அது. காலை ஏழு மணிக்கு மடக்கு மேசையை விரித்து, அதன்மேல் பலகை ஒன்றைப் போட்டேன். தரையிலிருந்து பலகையின் உயரம் 75 சென்டிமீட்டர். பலகையும் நிஜத் தெருவும் ஒரே தரையாகப் படத்தில் இணைய வேண்டுமானால், பலகையிலிருந்து லென்ஸ் இருக்கும் உயரத்தைப் போல முப்பத்தாறு மடங்கு உயரத்தில் அது நிஜத் தரைக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 35 மடங்குதான் பலகையின் உயரம் என்பதால், 75-ஐ 35-ஆல் வகுத்தால் 2.1 சென்டிமீட்டர் வருகிறது. கவிழ்த்த கைப்பேசிக்கு அது கிட்டத்தட்டத் தானாகவே அமைந்துவிடுகிறது. காரை லென்ஸிலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்தேன். படத்தில் அது பதினோரு மீட்டர் தள்ளி நிற்கும் வண்டி. பலகையின் பின்விளிம்பு 60 சென்டிமீட்டரில் இருந்ததால், ஏறத்தாழ இருபத்திரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து நிஜத் தெரு தொடங்கியது. இடையிலுள்ள வெட்டு தெரியாமலிருக்க விளிம்பில் அந்தத் தெருவின் மண்ணையே அள்ளித் தூவினேன்.

அந்த மண்ணில்தான் முதல் பத்துப் படங்களும் பாழாயின. நிஜத்தில் மணலாக இருப்பது 36 மடங்கு பெருகினால் ஜல்லியாகிவிடுகிறது. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, அடியில் தங்கிய பொடியை மட்டும் மறுபடி மெல்லிய வேட்டித் துணியில் கட்டித் தட்டினேன். அப்போதுதான் தெருப் புழுதியின் மென்மை வந்தது. தார்ச் சாலைக்குக் கறுப்பு உப்புத்தாள் போதும். வண்டியின் கீழ்ப்பாதியில் படியும் தூசுக்கு நான் கண்டவற்றுள் மிகச் சிறந்தது திருநீறுதான்: முகப்பூச்சுத் தூரிகையால் சக்கர வளைவுகளைச் சுற்றி லேசாக ஒற்றிவிட்டு ஊதினால், பிளாஸ்டிக்கின் பளபளப்பு அடங்கி, ராமேஸ்வரம் வரை போய்வந்த களை வண்டிக்கு வந்துவிடுகிறது. கோலமாவு இதற்கு உதவாது, அதன் குருணை காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர்தான் யாருக்கும் அடங்காதது. மண்ணைச் சலிக்கலாம், தண்ணீரைச் சலிக்க முடியாது. கூரைமேல் நிற்கும் மூன்று மில்லிமீட்டர்த் துளி படத்தில் உரித்த தேங்காய் அளவுக்குத் தெரியும். வாசனைத் திரவியக் குப்பியில் தண்ணீர் நிரப்பித் தூரத்திலிருந்து பீய்ச்சினால் ஓரளவு நுண்துளிகளாகும். அதற்கும் மேல் மழைக்காட்சி வேண்டுமென்றால் சாலையை மட்டும் நனைத்து, வண்டியை உலர்ந்தபடியே விட்டுவிடுவது உத்தமம். சூரியன் இதற்கு நேர்மாறாக நம் கட்சி. பொம்மையின் நிழலும் எதிர்வீட்டுத் தூணின் நிழலும் ஒரே பக்கம், ஒரே சாய்வில், ஒரே அளவு கூர்மையோடு விழுவதால் கண் கேள்வி கேட்பதில்லை. வீட்டு மேசை விளக்கு எத்தனை விலை கொடுத்து வாங்கியதானாலும் அதற்கு இந்தச் சாமர்த்தியம் வராது.

ஒரு காலத்தில் பெரிய கேமராவை வாங்கிவிட்டு நான் ஏமாந்த கதையும் இதோடு சேர்ந்ததே. மிக அருகில் குவிக்கும்போது முன்விளக்கு தெளிவாக இருந்தால் பின்கதவு மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்த்த நொடியிலேயே இது சிறு பொருள் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சுருக்கினால் தெளிவு நீளும், ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு படம் முழுவதுமே சற்றுச் சோர்ந்துபோகும். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாக்கலாம். காற்றில் புழுதி அசையும் தெருவில் அது நடக்காத காரியம். கைப்பேசியில் ஒளியைப் பதிவுசெய்யும் உணரி சிறியது என்பதால் முன்பம்பரிலிருந்து பின்னணிச் சுவர் வரை பெரும்பாலும் தெளிவாகவே விழுகிறது. மற்றக் கலைகளில் குறையெனப்படுவது இங்கே வரம்.

நான் மேசைக்குப் பின்னால் மண்டியிட்டுக் கிடந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, “என்ன தம்பி, பொம்மை விக்கிறீங்களா?” என்றார். “இல்லீங்கய்யா, படம் எடுக்கிறேன்” என்று திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வண்டியைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடச் சொல்லுங்க, பஸ் திரும்பணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்தாரா, இல்லையா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் தேறியது ஒன்றே ஒன்று. அதிலும் முன்சக்கரத்தையொட்டி ஒரு கட்டெறும்பு போய்க்கொண்டிருப்பதை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒரு சென்டிமீட்டர் எறும்பு, அந்தத் தெருவில் ஒன்றேகால் அடிப் பிராணி. அழித்துவிடலாமா என்று யோசித்து, பிறகு விட்டுவிட்டேன். படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். எறும்பை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. “நம்ம வண்டி மேல கேரியர் இருக்குமேடா, அது எங்க?” என்று மட்டும் கேட்டார். இரண்டு நாட்களாக ஊக்குகளை நிமிர்த்தி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.