மாப்பிள்ளை முறுக்கு செல்லாத ஊர்

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவியின் சித்தப்பா வீட்டில் விசேஷம். மடிப்புக் கலையாத சட்டையும் புதுச் செருப்புமாகப் போய், முன்வரிசையில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். புது மாப்பிள்ளை அல்லவா. யாராவது காபி கொண்டுவருவார்கள், அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் குடிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

மைத்துனர் வந்தார். கையில் காபி இல்லை, கத்தி இருந்தது. "லாயே," என்றார், மச்சானுக்கு இங்கே அதுதான் சொல். "சட்டையை மாற்றிக்கொண்டு பின்பக்கம் வா. மூன்று பன்றி அறுத்தாகிவிட்டது, துண்டு போட ஆள் போதவில்லை."

மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கல்யாணத்தில் உனக்கு ஒரு கைலி கொடுத்தார்களே, எதற்கென்று நினைத்தாய்?" என்றாள்.

பட்டு வேட்டி கிடைக்காத ஊரில் மரியாதைக்குக் கைலி தருகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பெயர் மாண்டார் ஹேலா. ஹேலா என்றால் மருமகன். பெண் வீட்டு விசேஷங்களில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்வதற்காகத்தான் ஊர் கூடிய சபையில் கொடுக்கிறார்கள். நான் என்னமோ கும்பிட்டு வாங்கி, போட்டோவுக்கு வேறு நின்றேன்.

இந்தோனேசியாவின் சுமத்ராவில் தோபா ஏரிக்கு நடுவே சமோசிர் என்று ஒரு பெரிய தீவு. அதில் அம்பாரித்தாவுக்கும் சிமானிந்தோவுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்றால் முப்பது வீடு, ஒரு மாதா கோயில், இரண்டு கள்ளுக்கடை. வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் ஏரிதான். சுமார் 100 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கும் மேல். 74,000 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து உண்டான பள்ளம் இது. அந்தச் சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரம் வரைக்கும் போய் விழுந்து, இன்றைக்கும் மண்ணுக்கடியில் படிந்து கிடக்கிறது. நான் இங்கே வருவதற்கு முன்பே இந்த ஊர் நம் பக்கம் வந்துபோயிருக்கிறது.

சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற பாத்தாம் தீவின் கப்பல் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தபோது அவளைப் பழக்கம். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று இங்கே வந்தோம். இப்போது சொந்தமாக ஒரு பட்டறை. பாதி வேலை கல்லறைக்குக் கேட் அடிப்பது. வயலுக்கு நடுவே டைல்ஸ் ஒட்டி, உச்சியில் சிலுவையோ சின்னக் கூரை வீடோ வைத்து, உயிரோடு இருக்கிறவர்களின் வீட்டைவிடப் பெரிதாகக் கட்டுகிறார்கள். தாத்தா பாட்டிகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கழுவி அதில் கொண்டுவந்து வைப்பதற்கும் தனி விருந்து உண்டு. அங்கேயும் நான் வெங்காயம் உரித்திருக்கிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் பத்தாக் இனத்தவர். இவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெயர் இல்லை, மார்கா என்ன என்பதுதான். மார்கா என்றால் குலப்பெயர். சினாகா, சித்தூமொராங், நைங்கோலான் என்று ஏதாவது ஒன்று சொன்னால், இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பிறகுதான் பேச்சே. என்னிடம் இருந்தது அப்பாவின் முதலெழுத்து ஒன்று. "எஸ்" என்றேன். "எஸ் என்று ஒரு மார்காவா?" என்று ஒரு கிழவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

குலம் இல்லாதவனுக்கு முறைப்படி பெண் கொடுக்க முடியாதாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மனைவியின் அத்தை வாழ்க்கைப்பட்ட குலம் என்னைப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. (எந்தக் குலம் என்று சொல்லவில்லை, ஊர் சிறிசு.) அந்தக் கணக்கில் மாமனார் எனக்குத் தூலாங் ஆனார், அதாவது தாய்மாமன். தூலாங் மகளுக்குப் பெயர் பாரிபான். அதை மனைவி விளக்க விளக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. முறைப்பெண்! பாளையங்கோட்டையில் மாமா மகளைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அதற்காக மாமா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. இந்தச் சேதியைச் சொன்னதும் போனில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தூலாங் என்ற சொல்லோடு எனக்கு முன்பே ஒரு தகராறு. இந்தோனேசிய மொழியில் அதற்கு எலும்பு என்று அர்த்தம். பாத்தாமில் அப்படித்தான் படித்திருந்தேன். என் புதுக்குலத்துப் பெண் ஒருத்தியின் பையன் தெருவில் "தூலாங்! தூலாங்!" என்று கத்தியபோது, ஒல்லியாக இருக்கிறேன் என்று கேலி செய்கிறான் என நினைத்துத் துரத்தினேன். பாவம், மாமா என்று கூப்பிட்டிருக்கிறான்.

சரி, கத்திக்கு வருவோம். மூன்று கல் வைத்த அடுப்பு என்கிறார்கள் இவர்கள் வாழ்க்கைமுறையை. பெண் கொடுத்தவர்கள் ஹுலாஹுலா. பெண் எடுத்தவர்கள் போரு. ஒரே குலத்தார் டோங்கான் தூபு. பெண் கொடுத்தவனை வணங்கு, பெண் எடுத்தவனை நயமாக நடத்து, ஒரே குலத்தானிடம் ஜாக்கிரதையாக இரு என்று ஒரு பழமொழி. கடைசிப் பகுதியைக் கேட்டதும், பங்காளியைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரே அபிப்பிராயம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். முதல் பகுதிதான் தொண்டையில் நிற்கிறது. அங்கே என் அக்கா வீட்டுக்காரர் வந்தால் அப்பா எழுந்து நிற்பார். இங்கே மாமனார் உட்கார்ந்திருக்க, நான் சோற்றுச் சட்டியோடு ஓடுகிறேன். உலோஸ் துணியைத் தோளில் போட்டு ஆசீர்வாதம் செய்கிறவர்கள் அவர்கள். குனிந்து வாங்குகிறவன் நான்.

மூன்று வருஷத்தில் பழகிவிட்டது. கறியைச் சீராக வெட்டுவேன், எந்தப் பங்கு யாருக்கு என்று மைக்கில் பெயர் படிப்பதுகூட ஓரளவு புரிகிறது. அண்டாலிமான் என்கிற இந்த ஊர் மிளகைக் கடித்து நாக்கு மரத்துப்போனால் பதறுவதில்லை. மஞ்சள் கட்டிய ஆர்சிக் மீன் வரும்போது மட்டும் கொஞ்சம் சிரமம். அம்மா வைக்கிற புளிக்குழம்பும் அதே மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். சட்டியின் அடியில் ஒட்டியதை மறுநாள் காலையில் பழைய சோற்றோடு மாமாதான் வழித்துத் தின்பார். அக்கா கல்யாணத்தில் பந்தி முழுக்க ஓடியவரும் அவர்தான். அன்றைக்கு அவர் இடுப்பில் கட்டியிருந்ததும் கைலிதான், இப்போது நினைத்தால்.

போன மாதம் அக்கா மகளுக்கு உவரி அந்தோனியார் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடி என்னுடையது. டிக்கெட் எடுக்க முடியவில்லை. பணம் அனுப்பினேன், கம்மல் வாங்கினார்கள். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பத்தரை. அந்த நேரத்துக்கு இங்கும் ஒரு விருந்து, நான் அடுப்படியில். வீடியோவில் ஏரிக்கரை சிக்னல் நின்று நின்று வந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை, வாய் திறந்த அழுகை, அப்புறம் அப்படியே உறைந்த படம்.

மைத்துனர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "மடியில் வைத்திருப்பது யார்?"

"என் பெரியப்பா மகன்."

"உன் குலமா?"

"ஆமாம்."

"அப்போது அவரும் தூலாங்தான். முறை சரி." கணக்கு முடிந்த திருப்தியில் போனைத் திருப்பித் தந்தார். "சோறு அடிப்பிடிக்கிறது பார், கிளறு."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். அடிப்பிடித்துத்தான் இருந்தது.